முழங்கை வலி: மட்டை பிடிப்பவர்களும் கம்பு சுற்றுபவர்களும் கேட்டவை

நான் மதுரையில் பிசியோதெரபிஸ்ட். ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விளையாடுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். முழங்கை பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். யாருடைய பெயரும் போடவில்லை.

கேள்வி (அண்ணா நகர், வங்கி ஊழியர், வயது 42): மேடம், ரொம்ப வருஷம் கழித்து ஷட்டில் ஆட ஆரம்பித்தேன். வாரம் ஒரு நாள் ஆடிக்கொண்டிருந்தவன், ஆபீஸ் டோர்னமென்ட் வருகிறது என்று தினமும் ஆடினேன். இப்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்று வலிக்கிறது. சொம்பைத் தூக்க முடியவில்லை, ஈரத் துண்டைப் பிழிய முடியவில்லை. டென்னிஸ் எல்போ என்கிறார்கள். நான் டென்னிஸ் ஆடியதே இல்லையே?

பதில்: டென்னிஸ் எல்போ வருகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்கள்தான் சார். 35 வயதிலிருந்து 55 வரைக்கும் இது அதிகம் வரும். மணிக்கட்டை மேலே தூக்குகிற தசைகள் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் தசைநாணாக, அதாவது தசையை எலும்போடு இணைக்கிற நாராக, வந்து ஒட்டுகின்றன. எதை இறுக்கிப் பிடித்தாலும் மணிக்கட்டு தொங்கிவிடாமல் தாங்குவது அந்தத் தசைகள்தான். அதனால்தான் மட்டையோடு நிற்காமல் சொம்பு, துண்டு, பைக் ஆக்சிலரேட்டர் என்று எல்லாவற்றிலும் வலி தெரிகிறது.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வாரம் ஒரு நாள் என்பது திடீரென்று தினமும் ஆகிவிட்டது. தசை சில வாரங்களில் பலம் பெற்றுவிடும். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அது பழக மாதங்கள் ஆகும். நாள்பட்ட வலியில் அங்கே வீக்கத்தைவிட இழைகள் நைந்துபோனதுதான் பெரிய பிரச்சினை. மாத்திரை வலியை அடக்கும், நைந்ததைச் சரி செய்யாது. அளவாகச் சுமை கொடுத்துத்தான் அந்த இழைகளை மறுபடி பலப்படுத்த வேண்டும். கையைத் தொட்டிலில் போட்டு மாதக்கணக்கில் ஆட்டாமல் வைத்தாலும் தசைநாண் இன்னும் நலிந்துதான் போகும்.

இப்படிச் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் ஷட்டிலை நிறுத்துங்கள், அல்லது வலி வராத அளவுக்குக் குறையுங்கள். பொருளைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். முன்கையை மேசை மேல் வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி, உள்ளங்கை தரையைப் பார்க்க உட்காருங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை நேராக வைத்து, அசைக்காமல் 30 முதல் 45 விநாடி தாங்குங்கள். நடுவில் ஓய்வு விட்டு ஐந்து தடவை.

இது சுலபமானதும் அடுத்த கட்டம். மற்ற கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் நாலு எண்ணுவதற்குள் மெதுவாக இறக்குங்கள். பதினைந்து தடவை ஒரு சுற்று, தினமும் மூன்று சுற்று. அது லேசாகத் தெரியும்போது ஒரு லிட்டர் பாட்டிலுக்குப் போகலாம்.

செய்யும்போது பத்துக்கு மூன்று என்ற அளவில் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் முந்தின நாளைவிட வலி கூடியிருந்தால் எடை அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ளுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பலர் மூன்றாவது வாரம் வலி குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படி விடாதீர்கள்.

கேள்வி (கே.கே. நகர், கல்லூரி மாணவர்): அக்கா, மட்டையை மாற்றினால் வலி போகுமா? மட்டையின் நரம்பை (ஸ்ட்ரிங்) 28 பவுண்டு இழுவிசையில் கட்டியிருக்கிறேன்.

பதில்: மட்டையால் மட்டும் போகாது தம்பி. ஆனால் 28 பவுண்டு உன் முழங்கைக்கு உதவாது. நரம்பு இறுக இறுக, அடியின் அதிர்வு கைக்கு அதிகமாக வரும். அடுத்த தடவை 24க்கு இறக்கிப் பார். அப்புறம் கிரிப். மதுரை வெயிலில் பத்து நிமிஷத்தில் கிரிப் நனைந்து வழுக்கும். வழுக்கினால் கை தானாக இறுக்கும், இறுக்கும்போதெல்லாம் அந்தத் தசைநாண்தான் சுமக்கும். கிரிப் டேப்பைத் தேய்ந்து பளபளக்கிற வரை வைத்திருக்காதே. பையில் ஒரு சின்னத் துண்டு இருக்கட்டும். பந்து மட்டையில் படுகிற நொடியில் இறுக்கினால் போதும், மற்ற நேரம் பிடி தளர்வாக இருக்கலாம். பேக்ஹேண்ட் அடிக்கும்போது தோளும் உடம்பும் திரும்புகிறதா என்று யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லிப் பார். மணிக்கட்டால் மட்டும் அடிப்பவர்களுக்குத்தான் இந்த வலி அதிகம்.

கேள்வி (திருமங்கலம், பூப்பந்து ஆடுபவர்): பூப்பந்துக்கும் (பால் பேட்மின்டன்) இதே அறிவுரைதானா?

பதில்: அடிப்படை அதேதான், எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். ஷட்டில் காக் சுமார் 5 கிராம். உங்கள் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம். மட்டையும் ஷட்டில் மட்டையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். ஷட்டிலிலிருந்து பூப்பந்துக்கு மாறுகிறவர்கள் முதல் மாதம் ஸ்மாஷைக் குறைத்து, பந்தைத் திருப்பிப் போடுவதில் கவனம் வைக்கட்டும்.

கேள்வி (சிம்மக்கல், நகைப்பட்டறை வைத்திருப்பவர்): ஒரு ஊசி போட்டால் உடனே சரியாகிவிடும் என்கிறார்கள். சச்சினுக்கே ஆபரேஷன் செய்தார்களே, எனக்கும் தேவைப்படுமா?

பதில்: அந்த ஊசி ஸ்டீராய்டு. வலி குறையும் என்பது உண்மை. அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் 198 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பிரிவுக்கு பிசியோதெரபி, ஒரு பிரிவுக்கு அறிவுரை மட்டும் சொல்லிக் காத்திருக்கச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு வலி திரும்ப வந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிரிவு மற்ற இரண்டையும்விடப் பின்தங்கியிருந்தது. இதனால்தான் முதல் மருந்தாக ஊசியை நான் பரிந்துரைப்பதில்லை. வலி போய்விட்டது என்று நம்பி அதே வேகத்தில் சுத்தியல் பிடிப்பீர்கள், தசைநாண் அதைத் தாங்காது.

சச்சின் 2004-இல் இந்த வலியால் போட்டிகளைத் தவறவிட்டு, 2005-இல் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அது கனமான மட்டையோடு வருஷம் முழுக்க ஆடியவரின் கை. சாதாரணமாக பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஒன்றிரண்டு வருஷத்துக்குள் கத்தியில்லாமலே குணமாகிறது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் முறையாகப் பயிற்சி செய்தும் மாற்றமே இல்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் அந்தப் பேச்சை எடுக்கலாம்.

கேள்வி (உசிலம்பட்டி): தம்பி பையன் கபடியில் கையை ஊன்றி விழுந்துவிட்டான். வயது 9. முழங்கை வீங்கியிருக்கிறது. அப்பா, "எண்ணெய் போட்டு நீவி, கட்டுப் போட்டால் சரியாகும்" என்கிறார். என்ன செய்ய?

பதில்: இந்தக் கேள்வியைப் பார்த்ததும் இவருக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

நீவவே கூடாது. விழுந்து வீங்கின முழங்கையை எண்ணெய் போட்டு உருவி, இழுத்து மடக்கினால், தசைக்குள்ளேயே எலும்பு போலக் கெட்டியாக வளர்ந்து கை மடங்காமல் போக வாய்ப்புண்டு. முழங்கைப் பகுதியில் இது நடப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்திருக்கிறேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் குழந்தையின் கை போய்விடுகிறது.

இறுக்கிக் கட்டவும் கூடாது. இந்த வயதில் கையை ஊன்றி விழுந்தால் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது சகஜம். கைக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் அந்த இடத்தை ஒட்டித்தான் போகிறது. முறிவு அதை அழுத்தலாம். அதன் மேல் மூங்கில் பத்தை வைத்து இறுக்கினால் முன்கைத் தசைக்கு இரத்தம் போகாமல் சில மணி நேரத்திலேயே செத்துப்போகும். அப்புறம் விரல்கள் மடங்கினபடியே நின்றுவிடும். எந்த ஆபரேஷனாலும் அந்தக் கையைப் பழையபடி ஆக்க முடியாது.

கை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே, நேராக்க முயலாமல், ஒரு துண்டால் தாங்கல் போட்டு, உடனே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி ராத்திரியிலும் திறந்திருக்கும். வாகனம் இல்லாவிட்டால் 108. சாப்பிடக் கொடுக்காமல் கொண்டுபோனால் நல்லது, மயக்க மருந்து தேவைப்படலாம். மாவுக்கட்டு போட்ட பிறகும் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வெளுத்துப்போனாலும், சில்லென்று இருந்தாலும், மரத்துப்போனாலும், நீங்கள் விரலை நிமிர்த்தும்போது குழந்தை அலறினாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். அந்த நேரமே திரும்பிப் போங்கள்.

கேள்வி (மேலூர், அம்மா): மகன் எட்டாம் வகுப்பு, நீரஜ் சோப்ராவின் ரசிகன். ஈட்டி எறிகிறான், லீவில் கண்மாய்க்குள் கிரிக்கெட். முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்கிறான். வளர்கிற பையனுக்கு வருவதுதான் என்கிறார் வாத்தியார்.

பதில்: வளர்கிற பையன் என்பதால்தான் அக்கறை காட்ட வேண்டும் அம்மா. அந்த வயதில் உள்பக்க எலும்பு முனை இன்னும் முழுசாக ஒட்டியிருக்காது, இடையில் வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கும். ஒவ்வொரு எறிதலும் அதை இழுக்கிறது. எறிவதை உடனே நிறுத்துங்கள், நாலிலிருந்து ஆறு வாரம். ஓடட்டும், நீச்சல் வேண்டாம், கால் பயிற்சி செய்யட்டும். கை முழுசாக நீளவில்லை என்றாலோ, ஒரு எறியில் திடீரென்று வலி வந்திருந்தாலோ எக்ஸ்ரே எடுங்கள். காலையில் ஈட்டி, மாலையில் பவுண்டரியிலிருந்து பந்து வீசுவது என்றால் முழங்கைக்கு இரண்டும் ஒரே கணக்குதான். அதை வாத்தியாரிடமும் சொல்லுங்கள்.

அவன் நீரஜ் சோப்ராவின் ரசிகன் என்று எழுதியிருந்தீர்கள். நீரஜுக்கு 2019-இல் எறிகிற கையின் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த வருஷம் தோஹா உலகப் போட்டிக்குப் போக முடியவில்லை. பொறுமையாகத் திரும்பி வந்து, 2021-இல் டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். ஒரு சீசன் உட்கார்ந்தால் எல்லாம் போய்விடாது என்று பையனிடம் சொல்லுங்கள்.

கேள்வி (அலங்காநல்லூர் பக்கம், வயது 38): இளவட்டக்கல்லைத் தூக்கும்போது முழங்கை மடிப்பில் 'டப்'பென்று சத்தம் கேட்டது. இப்போது வலி குறைவுதான். நீலமாகக் கன்றியிருக்கிறது. கையைத் திருப்பி எதையும் இறுக்க முடியவில்லை.

பதில்: வலி குறைந்ததை நம்பாதீர்கள் அண்ணே. மேல்கையின் முன்தசை முழங்கைக்குக் கீழே ஒட்டுகிற இடத்தில் பிய்ந்திருக்கலாம். புஜத்தின் திரட்சி வழக்கத்தைவிட மேலே ஏறியிருக்கிறதா, மற்ற கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழுசாக அறுந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள் தைப்பதுதான் நல்லது. தள்ளிப்போட்டால் தசைநாண் சுருங்கி மேலே போய்விடும், அப்புறம் தைப்பது கஷ்டம். நாளைக்கே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மாட்டை அணைந்து திமிலை விடாமல் பிடிக்கும்போதும் இதே காயம் வரலாம்.

கேள்வி (வாடிப்பட்டி, சிலம்பம் பழகும் பெண்): கம்பு சுற்றிவிட்டு வந்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. ராத்திரியிலும் அப்படித்தான்.

பதில்: இது தசைநாண் பிரச்சினை அல்ல, நரம்பு. முழங்கையின் உள்பக்கம் இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்குமே, அந்த நரம்பு. முழங்கை நன்றாக மடங்கியிருக்கும்போது அது இழுபடும். தூங்கும்போது கையை மடக்கித் தலைக்கு அடியில் வைக்காதே. முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டிப் படுத்தால் கை மடங்காது. போனைக் காதில் வைத்துப் பேசுவதையும் குறை. கனம் குறைந்த கம்புக்கு மாறி, கொஞ்ச நாள் வேகச் சுற்று வேண்டாம் என்று ஆசானிடம் கேள். உள்ளங்கையில் தசை வற்றினாலோ, பிடி தளர்ந்து பொருள் விழுந்தாலோ நரம்புப் பரிசோதனை கட்டாயம்.

பலரும் கேட்ட சின்னக் கேள்விகள்: ஐஸா, ஒத்தடமா? புதுசாக வலித்தால் ஐஸ், மெல்லிய துணியில் சுற்றிப் பத்து நிமிஷம். பழைய வலிக்கு எது சுகமோ அது. தைலம் தடவலாம், அழுத்தி நீவ வேண்டாம். முழங்கை வலிக்கான பட்டை (ஸ்ட்ராப்) போடலாமா? ஆடும்போது போடலாம், ஆனால் முழங்கை மேல் போடாமல் அதற்கு இரண்டு விரல் கீழே, முன்கையில் போடுங்கள். வலி மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாரக்கணக்கில் போடாதீர்கள், வயிற்றையும் கிட்னியையும் பாதிக்கும். ஜிம்மில் நேர் கம்பியால் கர்ல் செய்து வலித்தால் வளைந்த கம்பிக்கு மாறுங்கள்.

கேள்வி (ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் காலையில் வருபவர்): வலி போய்விட்டது. எப்போது முழுசாக ஆடலாம்?

பதில்: இரண்டு சோதனை செய்யுங்கள். முழங்கையை நீட்டி இரண்டு கையாலும் மாறி மாறி இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், பலம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நாற்காலியின் முதுகை உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்துத் தூக்குங்கள், வலிக்கக் கூடாது. இரண்டிலும் தேறினால் முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை மணி நேரம், ஸ்மாஷ் இல்லாமல். அடுத்த வாரம் பாதி வேகத்தில் ஸ்மாஷ். மூன்றாவது வாரம் கேம் ஆடலாம். ஒவ்வொரு நாளும் களத்தில் இறங்குவதற்கு முன் தோளையும் மணிக்கட்டையும் ஐந்து நிமிஷம் சுழற்றி, மட்டையைக் காற்றில் மெதுவாக வீசிப் பழகுங்கள். பாட்டில் பயிற்சியை வாரம் இரண்டு நாள் ஆறு மாதத்துக்குத் தொடருங்கள். ஏதாவது ஒரு வாரம் மறுநாள் காலை வலி எட்டிப் பார்த்தால், முந்தின வாரத்தின் அளவுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து ஏறுங்கள்.