அங்கீகார மனையில் வெள்ளம் வராதா?

கேள்வி: கடலூரை ஒட்டி, தென்பெண்ணை ஆற்றுக்குத் தெற்கே ஒரு கிலோமீட்டரில் 1,200 சதுர அடி மனை பார்த்திருக்கிறோம். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் உண்டு. "இங்க தண்ணி நிக்காது, பயமா இருந்தா மூணு அடி ஏத்திக்கலாம்" என்கிறார் தரகர். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சாலை அகலமும் மனைப் பிரிவும் விதிப்படி இருக்கின்றன என்பதற்குத்தான் டிடிசிபி அங்கீகாரம். வெள்ளம் வராது என்ற உறுதி அதில் இல்லை. நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றில் "இத்தனை அடி உயர்த்த வேண்டும்" என்று நிபந்தனை இருக்கலாம். விளம்பர நோட்டீசில் அதைப் போட மாட்டார்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் தெருவில் மழை பெய்தால்தான் வெள்ளம் என்பதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, தென்பெண்ணையின் குறுக்கே உள்ள திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். வந்து சேர்ந்தது கடலூருக்கு. அந்த நேரம் கடலும் தண்ணீரை வாங்காவிட்டால் ஆறு ஊருக்குள்தான் ஏறும்.

ஆறே இல்லாத இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு: ஏரியின் கோடி வாய்க்கால், அதாவது ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் வெளியேறும் வாய்க்கால். பத்து வருடம் ஏரி நிரம்பாமல் இருந்தால் வாய்க்கால் தூர்ந்து, அதன்மேல் தார்ச்சாலையே வந்துவிடும். ஏரி கோடி போகிற வருடம் தண்ணீர் பழைய வழியைத்தான் தேடும். கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் எடுத்து, பக்கத்து சர்வே எண்களில் ஓடை, வாய்க்கால், ஏரி என்று எங்கே வருகிறது என்று பாருங்கள். உங்கள் பட்டா சுத்தமாக இருக்கலாம், அடுத்த எண் வாய்க்காலாக இருக்கும். இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்ப்பது சுலபமில்லை. தாலுகாவில் ஒன்று, நீர்வளத் துறையில் ஒன்று, அலைவது வாங்குகிறவர்தான்.

தரகர் பங்குனி வெயிலில்தான் இடம் காட்டுவார். நீங்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை தனியாகப் போங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் 2015, 2024 வெள்ளத் தண்ணீரின் கறை எதுவரை என்று கேளுங்கள். கொத்தனாரின் டியூப் லெவலை (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து அந்தக் கறையை உங்கள் மனைக்கு எடுத்துக் குறியுங்கள். வீட்டின் தரைமட்டம் அதற்கு 2 அடி மேலே வர வேண்டும்.

"மூணு அடி ஏத்திக்கலாம்" என்பதன் கணக்கு: 1,200 சதுர அடிக்கு 3,600 கன அடி மண், அதாவது 36 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). அமுங்குவதற்குச் சேர்த்து 45 யூனிட். லாரிக்காரர் "3 யூனிட்" என்றால் பெட்டியை அளந்துவிடுங்கள்: 12 அடி நீளம், 7 அடி அகலப் பெட்டியில் மண் மூன்றரை அடி நின்றால்தான் அது 3 யூனிட். இடிபாடும் ஏரி வண்டலும் கலந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள், அது போட்ட தரை பிற்பாடு அமுங்கி இறங்கும். முக்கால் அடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும். எவ்வளவு ஏற்றினாலும் அஸ்திவாரம் கொட்டிய மண்ணில் நிற்கக் கூடாது, அடியிலுள்ள பழைய கெட்டித் தரை வரை போக வேண்டும். செப்டிக் டேங்க் மூடியையும் கறைக்கு மேலே கொண்டு வாருங்கள். இல்லையென்றால் வாசலில் வராத தண்ணீர் கழிப்பறை வழியாக வரும்.

இந்தச் செலவை மனை விலையோடு கூட்டி, அதற்குப் பிறகு பேரம் பேசுங்கள்.