ஹொரேஸ் சில்வர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த ஜாஸ் பியானோ கலைஞர் ஹொரேஸ் சில்வரின் ‘சாங் ஃபார் மை ஃபாதர்’ இசைத்தொகுப்பைக் கேட்டேன். முதல் பாட்டு உடனே பிடித்துவிட்டது, அதுதான் உறுத்துகிறது. இடக்கை ஒரே சுரங்களைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறது. தனிவாசிப்பிலும் பெரிய வித்தை இல்லை. விரல்வித்தைக்குப் பேர்போன ஜாஸ் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனைக் கேட்ட காதுக்கு இது மெலிந்து தெரிகிறது. இதையா ஹார்ட் பாப் என்ற ஜாஸ் பாணியின் சாதனை என்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் சந்தேகம் பழையது. 1955இல் சில்வர் தேவாலயச் சாயலில் எழுதிய ‘தி ப்ரீச்சர்’ பாட்டை, அவருடைய தயாரிப்பாளர் ஆல்ஃபிரட் லயனே வேண்டாம் என்றார். சில்வர் பிடிவாதமாக நின்று அதைச் சேர்த்தார். பின்னாளில் சோல் ஜாஸ் என்று பெயர் பெற்ற, தேவாலய இசையும் ப்ளூஸும் கலந்த போக்குக்கு அது ஒரு தொடக்கம்.

இடக்கைக்கு வருகிறேன். ஷட்ஜமும் பஞ்சமமும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவை நின்ற இடத்தில் நிற்பதில்லை. எஃப் மைனரிலிருந்து படிப்படியாக இறங்கி மீண்டும் அங்கேயே சேர்கின்றன. 1964இன் தொடக்கத்தில் பிரேசில் போய்வந்த சில்வர், அங்கே கேட்ட போஸா நோவா தாளத்தில், அட்லாண்டிக் தீவுக்கூட்டமான கேப் வெர்டேயில் பிறந்த தன் அப்பா, வீட்டில் வாசித்த நாட்டார் இசையின் மணத்தைச் சேர்த்தார். இசைத்தொகுப்பின் உறையில் தொப்பியும் சுருட்டுமாக இருப்பவர் அந்த அப்பாதான். ஸ்டீலி டான் என்ற ராக் குழு 1974இல் இதே தொடக்கத்தை எடுத்துத் தன் பாட்டொன்றின் வாசலில் வைத்துக்கொண்டது. மெலிந்த சரக்கை யாரும் களவாடுவதில்லை.

பீட்டர்சனைத் தேடிக்கொண்டு சில்வரிடம் போகாதீர்கள். இவர் முதலில் பாட்டு கட்டுகிறவர், குழுவை நடத்துகிறவர். அவருடைய தனிவாசிப்பை ஒருமுறை விட்டுவிடுங்கள். ஜோ ஹெண்டர்சன் டெனர் சாக்ஸபோன் வாசிக்கும்போது பின்னால் பியானோ என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஹெண்டர்சன் சின்னச் சின்னத் தொடர்களாக அடக்கமாகத்தான் ஆரம்பிக்கிறார். சில்வர் அடியில் வெட்டு வெட்டாக ஸ்வரக்கட்டுகளைப் போடுகிறார். போகப்போக அவை பறையடி போல விழுகின்றன. ரோஜர் ஹம்ஃப்ரீஸின் டிரம்ஸும் சேர்ந்துகொள்ள, ஹெண்டர்சனுக்குக் கத்துவதைத் தவிர வேறு வழியில்லாமல் போகிறது. அந்த உச்சத்தின் பெயர் அவருக்கு. அவரை அங்கே துரத்தியது பியானோ.

சில்வரின் கைகளைத் தனியாகக் கேட்கவேண்டுமா? 1963 அக்டோபரில் பழைய குழுவோடு பதிவான ‘லோன்லி வுமன்’ இதே தொகுப்பில் இருக்கிறது (அதே பெயரில் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் பாட்டு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஊதுகருவிகளே இல்லை, பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டும். தொகுப்பின் இன்னொரு பாட்டான ‘கல்கத்தா க்யூட்டி’யில் கல்கத்தாவைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். வேகம்தான் வேண்டுமென்றால் ஹெண்டர்சன் எழுதிய ‘தி கிக்கர்’ பாட்டைப் போடுங்கள். அதைக் கேட்டபிறகும் மெலிவு என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள், சண்டை போடலாம்.