'சிவிலிசேஷன்' என்ற சொல்லை அன்றாட ஆங்கில வாக்கியங்களில் எப்படிப் பயன்படுத்துவது? 'ஹி ஹேஸ் நோ சிவிலிசேஷன்' என்று சொல்லலாமா?

சொல்ல வேண்டாம். 'அவனுக்கு நாகரிகமே கிடையாது' என்று மனசில் வைத்துத்தான் இதை எழுதியிருப்பீர்கள். ஆனால் ஆங்கிலத்தில் சிவிலிசேஷன் ஒரு தனி ஆளிடம் இருப்பதோ இல்லாமல் போவதோ இல்லை. அது ஒரு சமூகத்துக்கு உரியது. தனி ஆளின் பேச்சையும் நடத்தையும் சொல்ல அங்கே வேறு சொற்கள் இருக்கின்றன.

இந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொலைபேசியில் ஒருவர் மரியாதை இல்லாமல் பேசியதைப் பற்றி மேலதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். 'ஹி ஸ்போக் வித்தவுட் சிவிலிசேஷன்' என்று ஒரு வரி. அவர் என்னைக் கூப்பிட்டு, "அவர் என்ன செய்தார் என்று தமிழில் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அந்த வரியை அடித்துவிட்டு 'ஹி வாஸ் ரூட்' என்று மூன்றே சொல் எழுதினார். நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த மூன்று சொல்லில் இருந்தது.

தமிழில் நாகரிகம் என்ற ஒரே சொல்லுக்குப் பல வேலை கொடுக்கிறோம். 'சிந்துவெளி நாகரிகம்' என்கிறோம், 'நாகரிகமாகப் பேசு' என்கிறோம், 'நாகரிக உடை' என்கிறோம், 'நாகரிகம் கருதி அதைச் சொல்லவில்லை' என்கிறோம். இந்த நாலில் முதலாவதற்கு மட்டும்தான் சிவிலிசேஷன் பொருந்தும். நாகரிகமாகப் பேசு என்பதற்கு 'பி சிவில்' அல்லது 'பி பொலைட்'. உடைக்கு 'ஃபேஷனபிள்'. நாகரிகம் கருதி என்பதற்கு 'அவுட் ஆஃப் கர்ட்டஸி'. குறளில் 580ஆம் பாடல், நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும் வாங்கிக் குடிப்பவர்களை 'நயத்தக்க நாகரிகம் வேண்டுபவர்' என்கிறது. அங்கே நாகரிகம் என்றால் கண்ணோட்டம், பிறர் மனம் நோகாமல் நடக்கும் பண்பு. அந்த இடத்தில் சிவிலிசேஷன் என்று மொழிபெயர்த்தால் பாட்டே கெட்டுவிடும்.

இத்தனைக்கும் இரண்டு சொற்களும் பிறந்த இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாகரிகம் 'நகர்' என்பதிலிருந்து வந்தது. சிவிலிசேஷன், குடிமகன் என்று பொருள்படும் 'சிவிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் சிவிலிசேஷனுக்குச் சட்டப் பொருள் ஒன்றுதான் இருந்தது: குற்ற வழக்கை உரிமையியல் வழக்காக மாற்றுவது. 1772இல் அவர் அந்த அகராதியைத் திருத்திக்கொண்டிருந்தபோது, காட்டுமிராண்டித்தனத்துக்கு எதிர்ச்சொல்லாக சிவிலிசேஷனைச் சேர்க்கலாம் என்பது அவருடைய நண்பர் பாஸ்வெல்லின் எண்ணம். ஜான்சன் ஒப்பவில்லை, 'சிவிலிட்டி' போதும் என்றுவிட்டார். அதாவது, நம்மைப் போல ஒரே சொல்லே இரண்டையும் சுமக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். ஆங்கிலம் கடைசியில் பாஸ்வெல் பக்கம் போனது. இன்றைக்கு சிவிலிட்டி என்றால் பண்பான நடத்தை, சிவிலிசேஷன் என்றால் சமூகம் அடைந்த நிலை.

சரி, அன்றாடப் பேச்சுக்கு வருவோம். இந்தச் சொல் உண்மையில் அதிகம் புழங்கும் இடத்தைப் பாடப்புத்தகம் சொல்லித் தருவதில்லை. நாங்கள் நண்பர்களாகச் சேர்ந்து மூன்று நாள் காட்டுக்குள் நடைப்பயணம் போனோம். நான்காம் நாள் மதியம் மரங்கள் விலகி ஒரு தார் ரோடு தெரிந்தது. எல்லார் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தது. கூட வந்த ஒருவன் பையை இறக்கி வைத்துவிட்டு, 'ஃபைனலி, பேக் டு சிவிலிசேஷன்!' என்றான். மின்சாரம், குழாய்த் தண்ணீர், மனித நடமாட்டம் உள்ள இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். 'தி ஹவுஸ் இஸ் மைல்ஸ் ஃப்ரம் சிவிலிசேஷன்' என்பதும் இதே வகைதான். வீடு ஆள் அரவமில்லாத இடத்தில் இருக்கிறது என்று பொருள். கொஞ்சம் விளையாட்டாகச் சொல்வது, எந்த உரையாடலிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நமக்குக் கை தடுமாறும் இன்னொரு இடம் 'தி'. தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லாததால் எங்கே போடுவது, எங்கே விடுவது என்று குழப்பம். குறிப்பிட்ட ஒரு நாகரிகம் என்றால் 'தி' வேண்டும்: 'தி இண்டஸ் வேலி சிவிலிசேஷன் ஹேட் வெல் பிளான்ட் சிட்டீஸ்.' மனித சமூகத்தின் வளர்ச்சி நிலையைப் பொதுவாகச் சொன்னால் வேண்டாம்: 'சிவிலிசேஷன் டிபெண்ட்ஸ் ஆன் வாட்டர்.' மேலே சொன்ன 'பேக் டு சிவிலிசேஷன்' வகையிலும் வேண்டாம். பல நாகரிகங்கள் என்றால் பன்மை: 'ஏன்ஷியன்ட் சிவிலிசேஷன்ஸ் க்ரூ நியர் ரிவர்ஸ்.' மெசபடோமியாவை 'தி க்ரேடில் ஆஃப் சிவிலிசேஷன்' என்பார்கள், நாகரிகத்தின் தொட்டில். அதில் 'தி' தொட்டிலுக்குத்தான், சிவிலிசேஷனுக்கு இல்லை. இந்த ஒரு தொடரை மனப்பாடம் செய்து வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

உச்சரிப்பில் அமெரிக்கர்கள் 'சிவிலிசேஷன்' என்பார்கள், பிரிட்டனில் பெரும்பாலும் 'சிவிலைசேஷன்'. எழுத்திலும் அமெரிக்காவில் இஸட், பிரிட்டனில் பெரும்பாலும் எஸ். எதை எடுத்தாலும் சரி, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

'அன்சிவிலைஸ்டு' என்ற சொல்லை மட்டும் யோசித்து எடுங்கள். ஒருவருடைய செயலைக் கண்டிக்கும்போது சொல்லலாம். ஒரு மக்கள் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். நாடுகளை அடிமைப்படுத்தியவர்கள், 'இவர்களை நாகரிகப்படுத்த வந்தோம்' என்றுதான் தங்களை நியாயப்படுத்திக்கொண்டார்கள். அந்த வலி இன்னும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்புறம், உங்கள் வாக்கியம். அந்த ஆள் முகத்தில் அடித்தாற்போல் பேசினார் என்றால் 'ஹி வாஸ் ரூட்'. எப்போதுமே அப்படித்தான் என்றால் 'ஹி ஹேஸ் நோ மேனர்ஸ்'. சண்டை முற்றும்போது, கத்தாமல் உட்கார்ந்து பேசுவோம் என்று அவரிடமே சொல்ல வேண்டுமானால், 'லெட்ஸ் பி சிவிலைஸ்டு அபௌட் திஸ்.'