கீபோர்டுக்கு என்ன ஸ்பீக்கர் பெட்டி வாங்குவது? கிட்டார் ஆம்ப் போதுமா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஞாயிறு காலையில் சர்ச்சில் வாசிக்கிறார், சீசன் வந்தால் ஒரு மெல்லிசைக் குழுவோடு கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று போகிறார். கையில் இருப்பது ரோலண்டு எக்ஸ்பிஎஸ்-10 கீபோர்டு. அவர் கேட்டது இது: "அண்ணா, மேடையில் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்காக வைக்கும் மானிட்டர் பெட்டி எல்லாம் பாடுகிறவர்களுக்குப் போய்விடுகிறது. நண்பர் ஒருவர் தன்னுடைய 40 வாட்ஸ் கிட்டார் ஆம்பைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? இல்லை, 1000 வாட்ஸ் என்று எழுதியிருக்கும் டிராலி ஸ்பீக்கர் வாங்கிவிடலாமா? பைக்கிலும் பஸ்ஸிலும்தான் போய்வருகிறேன்."

தம்பி, இரண்டும் வேண்டாம். காசு போய்விடும் என்பதைவிட, அந்தப் பெட்டிகளோடு வாசித்தால் உங்கள் கை கெட்டுப்போகும் என்பதுதான் என் கவலை. தன் சத்தம் தனக்குச் சரியாகக் கேட்காதவர் கீயை ஓங்கிக் குத்த ஆரம்பிப்பார், டைனமிக்ஸ், அதாவது மெல்லவும் ஓங்கியும் வாசிக்கும் வித்தியாசம், போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும்.

கிட்டார் ஆம்ப் ஏன் கூடாது என்று முதலில் சொல்கிறேன். கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். மேலே 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் கிட்டார் ஸ்பீக்கர் தரும் சத்தம் வேகமாகக் குறைந்துவிடும், கீச்சுச் சத்தத்துக்கென்று வைக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரும் இருக்காது. அது குறை இல்லை, கிட்டார் காதைக் குத்தாமல் இதமாகக் கேட்க வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் ஒரே ஆளாக வயலின் கூட்டம், புல்லாங்குழல், பியானோ, சில நேரம் பேஸ் கிட்டார் வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பு. உங்கள் 61 கட்டை கீபோர்டில் கடைசி இடது கட்டையே 65 ஹெர்ட்ஸ், ஆக்டேவை ஒன்று இறக்கினால் 33க்குப் போய்விடும். மேலே புல்லாங்குழலில் ஊதும் காற்றுச் சத்தமும், ஸ்ட்ரிங்ஸில் வில் உரசும் சத்தமும் 5,000க்கு மேலும் நிறைய இருக்கும். இதைக் கிட்டார் ஆம்பில் செருகினால் ஸ்ட்ரிங்ஸ் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசிப்பது மாதிரி கேட்கும். சரி, ட்ரெபிளை ஏற்றினால் வந்துவிடாதா என்றால், ஸ்பீக்கரில் இல்லாததை எந்தத் திருகாணியும் கொண்டுவராது. இதற்கு மேல், இடது கையில் பேஸ் வாசித்தால் ஸ்பீக்கரில் அதிரும் காகிதக் கூம்பு, அதாவது கோன், அடி வாங்கும். ஆரம்ப காலத்தில் நானே ஒரு நண்பரின் கிட்டார் ஆம்பில் பேஸ் டோன் போட்டு, இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கோன் கரகரவென்று கிழிந்து, புது ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்து அந்த 1000 வாட்ஸ். பெட்டி மேல் பெரிதாக எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் பீக், அதாவது கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் தாங்கும் அளவு. விடாமல் தரக்கூடியது அதில் பாதிக்கும் கீழே இருக்கலாம். நேர்மையாக இரண்டையும் போடும் கம்பெனியிலேயே பாருங்கள்: யமஹா டிபிஆர்10 பெட்டிக்கு 700 வாட்ஸ் என்று சொல்வார்கள், அதே விவரத் தாளில் தொடர்ச்சியாக 325 என்றும் இருக்கும். பெயர் தெரியாத டிராலி ஸ்பீக்கரில் அந்த இரண்டாவது எண்ணே எழுதியிருக்காது. அப்படி எழுதாத பெட்டியை வாங்கவே வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும், காதுக்குக் கொஞ்சம் ஏறிய மாதிரி தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்கு 10 மடங்கு வாட்ஸ். இதைத் தூரத்தோடு சேர்த்துப் பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். பெட்டி உங்களிடமிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்தால் கேட்கும் சத்தம், 6 மீட்டர் தள்ளி மேடை ஓரத்தில் வைத்தால் 12 டெசிபல் குறைந்துபோகும், அதை ஈடுகட்ட 16 மடங்கு பவர் வேண்டும். அப்படியென்றால் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது பெரிய பெட்டி வாங்குவதைவிட லாபம். உங்களுக்கு வேண்டியது உங்கள் காதுக்குக் கேட்கும் பெட்டி. ஊருக்குக் கேட்க வைப்பது சவுண்டு சர்வீஸ்காரர் வேலை, அவருடைய டாப்பும் பேஸ் பெட்டியும் அதற்குத்தான் நிற்கின்றன.

இனி எதை வாங்குவது என்று பார்ப்போம். கடையில் கீபோர்டு ஆம்ப் என்று தனியாகவே ஒரு வகை காட்டுவார்கள், ரோலண்டு கேசி வரிசைதான் இதில் பிரபலம். கேசி-400 என்றால் 150 வாட்ஸ், 12 இன்ச், ட்வீட்டரும் உண்டு, நாலு சேனல். கேசி-600 என்றால் 200 வாட்ஸ், 15 இன்ச். சத்தம் நிதானமாக, உருண்டையாக வரும், பல வருஷம் உழைக்கும், இரண்டு கீபோர்டும் ஒரு மைக்கும் செருகுகிறவருக்கு அந்தச் சேனல்கள் பெரிய வசதி. ஆனால் கேசி-600 ஏறக்குறைய 30 கிலோ, அதை பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. ஆட்டோவோ வேனோ நிரந்தரமாக இருக்கும் குழுவுக்குத்தான் அது சரி.

உங்களுக்கு நான் சொல்வது 10 இன்ச் ஆக்டிவ் ஸ்பீக்கர், அதாவது ஆம்ப் உள்ளேயே இருக்கும் பெட்டி. மேலே சொன்ன டிபிஆர்10 மாதிரி. பத்தரைக் கிலோதான், ஒரு கையில் பிடித்து மேடைப் படி ஏறலாம், இன்னொரு தோளில் கீபோர்டு பை. கியூஎஸ்சி கே வரிசையும் அருமையானது, கொஞ்சம் கனமும் விலையும் கூடுதல். இந்த வகைப் பெட்டி பாட்டு, பேச்சு, கருவி என்று எதையும் நிறம் மாற்றாமல் தருவதற்காகச் செய்தது, கீபோர்டுக்கும் அதுதான் வேண்டும். நாளைக்கு ஒரு சின்ன பிறந்தநாள் விழாவில் மைக்கும் கீபோர்டும் மட்டும் என்றால், ஸ்டாண்டில் ஏற்றி அதையே மெயின் பெட்டியாகவும் வைத்துவிடலாம். 8 இன்ச் இன்னும் லேசாக இருக்கும், ஆனால் இடது கையில் பேஸ் வாசிக்கிறவர் என்றால் 10க்குக் கீழே போகாதீர்கள். புதிது உங்கள் கைக்கு எட்டவில்லை என்றால் நல்ல கம்பெனியின் பழைய பெட்டியைத் தேடுங்கள். அதே காசுக்குப் பெயரில்லாத புதுப்பெட்டியை வாங்குவதைவிட அது நூறு மடங்கு மேல்.

பேட்டரி பெட்டி வேண்டுமா என்பது நீங்கள் வாசிக்கும் இடத்தைப் பொறுத்தது. வீட்டு ஜெபக்கூட்டம், தெருவோரக் கூட்டம், கரண்ட் நிச்சயமில்லாத இடம் என்று மாதத்தில் நாலைந்து முறை போவீர்கள் என்றால் போஸ் எஸ்1 ப்ரோ நல்ல பெட்டி. 7 கிலோ சுமார், ஒரு சார்ஜில் 11 மணி நேரம் வரை என்கிறார்கள், அது மிதமான சத்தத்தில். ரோலண்டு கேசி-220 எட்டு ஏஏ பேட்டரியிலேயே ஓடும், ஸ்டீரியோவும் கூட, ஆனால் 30 வாட்ஸ்தான், டிரம்ஸ் வந்து உட்கார்ந்தால் அடங்கிவிடும். திருவிழா மேடைதான் அதிகம் என்றால் பேட்டரிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பெட்டி எதுவானாலும் புளூடூத்தில் வாசிக்க வேண்டாம். பாட்டு போட்டுக் கேட்க அது சரி, வாசிக்கும்போது கீயை அமுக்கிய பிறகு சத்தம் நொடியில் பத்தில் ஒரு பங்காவது தாமதித்து வரும், பெரும்பாலும் அதற்கும் மேலே, தாளம் கலைந்துவிடும். ஒயர்தான்.

அந்த ஒயரில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் எக்ஸ்பிஎஸ்-10 பின்னால் இரண்டு அவுட்புட் இருக்கும், ஒன்றில் எல்/மோனோ என்றும் இன்னொன்றில் ஆர் என்றும் எழுதியிருக்கும். ஒரே பெட்டி என்றால் எல்/மோனோவில் மட்டும் செருகுங்கள், ஆரில் எதுவும் இருக்கக் கூடாது. அப்போதுதான் கீபோர்டு உள்ளேயே இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தரும். ஆரில் மட்டும் செருகினால் பியானோவின் ஒரு பக்கம்தான் கேட்கும். இப்படிச் சேர்க்கும்போது சில ஸ்டீரியோ பியானோ டோன்கள் மெலிந்து, குழாய்க்குள் வாசிப்பது போல ஆகிவிடும். கோரஸ், ரிவெர்பைக் குறைத்துப் பாருங்கள், அப்படியும் சரிவரவில்லை என்றால் வேறு பியானோ டோனுக்கு மாறுங்கள். வீட்டில் ஹெட்போனில் கேட்டு டோன் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இது மேடையில்தான் தெரியவரும்.

ஹெட்போன் ஜாக் மட்டுமே உள்ள வீட்டுக் கீபோர்டை மேடைக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து. பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும் ஒயரை அந்த ஜாக்கில் செருகி, மறுமுனையை மிக்ஸரின் பேலன்ஸ்டு இன்புட்டில் போட்டால், மிக்ஸர் இடது வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துபோகும். எனக்கே ஒரு கல்யாண வரவேற்பில் நடந்தது. ஸ்ட்ரிங்ஸ் வாசித்தால் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, பேஸ் டோன் போட்டால் ஒன்றுமே இல்லை, வால்யூமை ஏற்ற ஏற்ற இரைச்சல்தான் வருகிறது. கீபோர்டு போய்விட்டது என்றே நினைத்தேன். மிக்ஸரில் இருந்த பெரியவர் வந்து, பின்னைப் பாதி வெளியே இழுத்துக் காட்டி, இரண்டாகப் பிரியும் ஒய் ஒயரைக் கொடுத்து இரண்டு சேனலில் போடச் சொன்னார், உடனே எல்லாம் திரும்பி வந்தது. இன்றைக்கும் என் பையில் அந்த மாதிரி ஒயர் இரண்டு கிடக்கும்.

பெட்டியோடு சேர்த்து ஒரு பாசிவ் டிஐ பாக்ஸும் வாங்குங்கள், இதை விடவே விடாதீர்கள். கீபோர்டின் சத்தத்தை உங்கள் பெட்டிக்கும் மிக்ஸருக்கும் பிரித்துக் கொடுக்கும் கையடக்க டப்பா அது, பாசிவ் என்றால் அதற்குக் கரண்ட் வேண்டாம். கீபோர்டிலிருந்து டிஐக்கு ஒரு ஒயர், டிஐயின் லிங்க் ஜாக்கிலிருந்து உங்கள் பெட்டிக்கு ஒரு ஒயர், டிஐயின் மூன்று முள் ஜாக்கிலிருந்து சவுண்டுகாரரின் மிக்ஸருக்கு. இப்படிப் போட்டால் உங்கள் பெட்டியில் எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் கூட்டத்துக்குப் போகும் அளவு மாறாது. கீபோர்டு வால்யூமை முக்கால் அளவில் வைத்துவிட்டு நிகழ்ச்சி முடியும்வரை அதைத் தொடாமல், உங்களுக்கு வேண்டியதைப் பெட்டியில் திருகுங்கள். பெட்டியிலேயே அவுட் ஜாக் இருக்கிறதே, அதிலிருந்து மிக்ஸருக்குக் கொடுக்கலாமே என்றால், சில மாடலில் அது வால்யூம் திருகாணிக்குப் பின்னால் எடுத்தது, நீங்கள் உங்களுக்காக ஏற்றினால் கூட்டத்துக்கும் ஏறி, சவுண்டுகாரர் உங்கள் சேனலைக் கீழே இழுத்துவிடுவார். கீபோர்டின் சாதாரண ஒயர் ஐந்தாறு மீட்டரைத் தாண்டினாலே வழியில் இரைச்சலைப் பிடிக்கும், மேடையிலிருந்து மிக்ஸர் வரை அதை இழுக்கக் கூடாது என்பதற்கும் டிஐதான் பதில்.

ம்ம்ம் என்று ஹம்மிங் வந்தால் டிஐயில் உள்ள கிரவுண்டு லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். பெட்டியையும் கீபோர்டு அடாப்டரையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகினாலும் குறையும். எக்காரணத்துக்கும் பிளக்கில் உள்ள எர்த் பின்னை உடைக்காதீர்கள், உடைக்கச் சொல்லும் ஆளிடம் ஒயரைக் கொடுக்காதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடை, ஈரத் தரை, கையில் மைக், இந்த மூன்றும் சேரும் இடத்தில் அந்தப் பின்தான் உயிரைக் காக்கிறது. ஜெனரேட்டர் மாற்றும்போது வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கும், கரண்ட் மாறப்போகிறது என்று தெரிந்தால் முதலில் பெட்டியை அணைத்துவிடுங்கள், திரும்பப் போடும்போது கீபோர்டு முதலில், பெட்டி கடைசியில்.

வைக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியை முழங்கால் உயரத்தில் நேராக வைத்தால் உங்கள் வேட்டிக்குத்தான் கேட்கும். பக்கவாட்டில் சாய்த்து, உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள், இல்லை என்றால் பின்பக்கம் ஒரு நாற்காலி மேல். சர்ச்சில் சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் தானாக ஏறி, குடத்துக்குள் வாசிப்பது போல ஆகும். சுவரிலிருந்து தள்ளுங்கள், அப்படியும் இருந்தால் லோ திருகாணியைக் குறையுங்கள். பாடுகிறவரின் மைக் உங்கள் பெட்டியைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கீபோர்டையே தூக்கிக்கொண்டு போங்கள். செல்போனில் பாட்டு போட்டுக் காட்டுவார்கள், அதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், ஏற்கெனவே மிக்ஸ் பண்ணிய பாட்டு எந்தப் பெட்டியிலும் அழகாகத்தான் கேட்கும். பேஸ் டோன் போட்டு இடது ஓரத்துக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வால்யூமை மெல்ல ஏற்றுங்கள், எந்த இடத்தில் கரகரக்கிறது, எந்த இடத்தில் பெட்டியே அதிர்கிறது என்று பாருங்கள். அப்புறம் புல்லாங்குழல் டோனில் மேல் ஸ்தாயியில் ஒரு நீண்ட ஸ்வரம், அதில் காற்று கேட்கிறதா என்று. ஸ்ட்ரிங்ஸில் இரண்டு கையும் வைத்து முழு கார்டு, ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகக் காதில் விழுகிறதா என்று. கடைசியில் கையை எடுத்துவிட்டு, வால்யூம் அப்படியே இருக்க, பெட்டிக்குள் ஃபேன் ஓடும் சத்தமும் உஸ்ஸென்ற இரைச்சலும் எவ்வளவு என்று கேளுங்கள், ஜெபம் நடக்கும் நேரத்தில் சர்ச்சில் அதுதான் எல்லாருக்கும் கேட்கும். இது முடிந்ததும் பெட்டியை ஒரு கையில் தூக்கி, கடையின் மாடிப் படியில் ஒரு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள்.