துபாய்க்கு வரலாறு என்று ஏதாவது உண்டா? சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அதை எங்கே தெரிந்துகொள்ளலாம்?

"உண்டா" என்று கேட்டீர்களே, அதற்காகவே எழுத உட்கார்ந்தேன். துபாயின் பழைய வணிகப் பகுதியான தெய்ராவில் 9 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நீங்கள் மூன்று நான்கு நாள் சுற்றுலாவுக்குக் கிளம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபா கோபுரத்தைப் பயண முகவரே காட்டிவிடுவார். ஒரு காலைப் பொழுதை மட்டும், பழைய ஊரின் நடுவே கடல் உள்ளே நீளும் கடற்கழிக்கு ஒதுக்குங்கள்.

எனக்கே அதைக் காட்டியவர் என் மாமனார். தூத்துக்குடிக்காரர்; இளவயதில் சங்கு குளித்தவர். 2014-ல் எங்களோடு தங்க வந்தவருக்குக் கடைவளாகங்கள் இரண்டே நாளில் சலித்துவிட்டன. ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் அக்கரைக்குப் போனோம். 1787 வாக்கில் கட்டிய அல் ஃபஹீதி கோட்டைக்குள் அப்போது அருங்காட்சியகம் இருந்தது. அங்கே முத்துக்குளிப்பவரின் சாமான்கள்: மூக்கை இறுக்கும் சிறு கவ்வி, ஆளை அடியில் இறக்கும் கல், சிப்பி அள்ளும் கயிற்றுக் கூடை. மாமா அந்தக் கல்லை விட்டு நகரவே இல்லை. மேலே கயிறு பிடிப்பவரை அரபியில் 'ஸைப்' என்பார்கள் என்று நான் சொன்னதும், "எங்கள் பக்கம் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்போம், மாப்பிள்ளை. தங்கச்சி தாலி அவன் பிடியில் அல்லவா இருக்கிறது!" என்றார். இலங்கைப் பக்கத்து மன்னார் முத்துக்குளிப்புக்கு வளைகுடா அரபிகளும் வந்து மூழ்கியிருக்கிறார்கள். இரண்டு கடற்கரைக்கும் உறவு புதிதல்ல.

அந்த முத்துத் தொழிலை 1930களில் உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சாய்த்துவிட்டன. 1958-ல் ஆட்சிக்கு வந்த ஷேக் ராஷித், மணல் மேடிட்டிருந்த கழியைக் கடன் வாங்கித் தூர்வாரினார். சரக்குப் படகுகள் தடையின்றி உள்ளே வந்தன, வணிகம் பெருகியது. எண்ணெய் கிடைத்தது அதன் பிறகு, 1966-ல். எண்ணெய்ப் பணத்தில் முளைத்த ஊர் என்று பேசுகிறவர்கள் இந்தக் கால வரிசையைக் கவனிக்க வேண்டும். அந்த 1966 வரை அங்கே புழங்கியதும் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று வெளியிட்ட ரூபாய்தான்.

தொழிலாளர் படும் பாட்டை மறைத்துப் புகழ்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 8 பேர் படுத்த அறையில் இரண்டு ஆண்டுகள் நானும் படுத்திருக்கிறேன். அந்த முத்துக்குளிப்பவர்களும் முன்பணக் கடனில் கட்டுண்டுதான் மூழ்கினார்கள். அதையும் சேர்த்துத்தான் வரலாறு என்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பள்ளி விடுமுறை வந்தால் விமான டிக்கெட் விலையை இரண்டு மூன்று மடங்கு ஏற்றிவிடுகிறார்கள். மாமா காலமானது அப்படி ஒரு கோடையில். கையில் இருந்த பணத்துக்கு ஒரே டிக்கெட்தான் கிடைத்தது. மனைவியை அனுப்பிவிட்டுப் பிள்ளைகளோடு நான் அங்கேயே இருந்தேன். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. குடும்பத்தோடு பிழைக்கப் போனவனிடம் அடிக்கும் இந்தக் கொள்ளையைக் கேட்க இன்றுவரை ஆளில்லை.

வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். கோட்டைக்குப் பக்கத்திலேயே, பாரசீகக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் பவளக்கல்லில் கட்டிய பழைய வீடுகள் இருக்கின்றன. அவற்றின் காற்றுக் கோபுரம் ஒன்றின் அடியில் நின்று பாருங்கள். மேலே பிடித்த காற்று உச்சந்தலையில் இறங்கும். மாமா அங்கே தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்.