ஃபாரா, ஆஃபா?

மதிப்பிற்குரிய ஐயா,

கிருஷ்ணகிரி அருகே மாங்கூழ் ஆலையொன்றில் ஏற்றுமதிக் கடிதங்கள் எழுதும் பணியில் இருக்கிறேன். 'ரீசன் ஆஃப் டிலே' என்று எழுதினால் மேலாளர் 'ஃபார்' என்று திருத்துகிறார். அதையே மனத்தில் வைத்து 'காஸ் ஃபார் டிலே' என்று எழுதினால் 'ஆஃப்' என்கிறார். இரண்டுக்கும் பொருள் காரணம்தானே? இதற்கு விதியே இல்லையா?

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

மேலாளர் திருத்தியது இரண்டு இடத்திலும் சரியே. 'ஆஃப்', 'ஃபார்' போன்றவற்றில் எந்தப் பிரிபொசிஷன் வரவேண்டும் என்பதை அதற்கு முன் நிற்கும் பெயர்ச்சொல்லோ பெயரடையோதான் தீர்மானிக்கிறது. பொருள் ஒன்றாக இருப்பதாலேயே அதுவும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. நம் இலக்கணத்துக்கும் இது புதிதன்று. அச்சப் பொருள் தரும் சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் உரியவை என்று தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் தனியே விதிக்கிறது. 'பழியை அஞ்சும்', 'பழியின் அஞ்சும்' என்று உரைகள் உதாரணம் காட்டும். நாமோ இன்று 'பழிக்கு அஞ்சுகிறோம்' என்று நான்காம் வேற்றுமைக்கு வந்துவிட்டோம்.

அந்த நான்காம் வேற்றுமைதான் ஆங்கிலம் எழுதும்போது நம்மை அதிகம் இடறுகிறது. 'மேலாளருக்குப் பொறுப்பு', 'தாமதத்துக்குப் பொறுப்பு' என இரண்டையும் நாம் 'கு' உருபிலேயே முடித்துக்கொள்ள, ஆங்கிலம் பதில் சொல்லவேண்டிய ஆளுக்கு 'ரெஸ்பான்சிபிள் டு' என்றும், ஏற்றுக்கொண்ட காரியத்துக்கு 'ரெஸ்பான்சிபிள் ஃபார்' என்றும் பிரிக்கிறது. விலையேற்றத்தைப் பற்றி எழுதும்போதும் இப்படித்தான்: ஏறியது எது என்றால் 'இன்க்ரீஸ் இன் பிரைஸ்', எவ்வளவு என்றால் 'இன்க்ரீஸ் ஆஃப் 5 பர்சென்ட்'. பெங்களூரா ரக மாங்கூழுக்குக் கிராக்கி என்றால் 'டிமாண்ட் ஃபார்'. பழத்துக்குத் தட்டுப்பாடு என்றால் 'ஷார்ட்டேஜ் ஆஃப்'.

பெயர்ச்சொல்லுக்கு உரியதை வினைச்சொல்லிலும் ஒட்டிவிடுவது நம் அலுவலகங்களின் தீராத பழக்கம். 'எ ரிக்வெஸ்ட் ஃபார் பேமென்ட்' சரி. 'வி ரிக்வெஸ்ட் ஃபார் பேமென்ட்' பிழை, அங்கே 'ஃபார்' வேண்டியதில்லை. 'டிஸ்கஸ் அபவுட்' என்பதும் அவ்வாறே.

ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகள் ஒவ்வொரு சொல்லோடும் அதற்குரிய பிரிபொசிஷனையும் சேர்த்தே அச்சிடுகின்றன; பொருளை மட்டும் பார்த்து மூடிவிடாமல் அந்த வரியையும் படித்து, இரண்டையும் ஒரே சொல்லாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'டிஃபரன்ட்' ஒன்றில் மட்டும் மேலாளரோடு வாதாட இடமுண்டு: பிரிட்டனில் 'டிஃபரன்ட் டு' என்பதும் வழக்கில் இருக்கிறது. ஆனாலும் 'ஃப்ரம்' என்றே எழுதுங்கள். அது எந்த நாட்டு வணிகரிடமும் செல்லும்.