மாமாவோட பழைய கோஸ்டர்: எவ்வளவு தூரம் புதுசாக்கறது?

கேள்வி: அண்ணே, பெர்த்ல இருக்கற எங்க மாமா 1996 டொயோட்டா கோஸ்டர் பஸ்ஸ மோட்டார்ஹோமா மாத்தி வச்சிருந்தாரு. இப்ப வயசாயிடுச்சு, நீங்களே எடுத்துக்கோங்கன்னு சொல்றாரு. வண்டி அவரு வீட்லதான் நிக்கும், நாங்க டிசம்பர் ஸ்கூல் லீவுல போய் மூணு வாரம் சுத்துவோம். உள்ள எல்லாத்தையும் பிரிச்சு புதுசா செய்யணும்னு என் மனைவி சொல்றாங்க, எஞ்சின் நல்லாருக்கு ஒண்ணும் தொடாதேன்னு மாமா சொல்றாரு. எவ்வளவு செலவு பண்ணலாம்?
– ஈசூன் வாசகர்

பதில்: தம்பி, நம்ம சிங்கப்பூர்ல 10 வருஷம் ஆச்சுன்னாலே சிஓஇ, அதாவது வண்டி வச்சுக்கற உரிமச் சான்றிதழ், அத புதுப்பிக்கறதா ஸ்கிராப்புக்கு அனுப்பறதான்னுதான் யோசிப்போம், அந்தப் பழக்கத்துல இவ்வளவு வயசான வண்டியப் பாத்தா ஒண்ணு பயம் வரும், இல்ல முழுசா புதுசாக்கணும்னு கை பரபரக்கும். ரெண்டும் வேண்டாம். மூணு வாரம் நனையாம தூங்கி, சமைச்சு, பத்திரமா திரும்பி வர்ற அளவுக்கு சரி பண்ணுங்க, இந்த வருஷம் அது போதும்.

முதல்ல தண்ணி. நீங்க போற டிசம்பர்ல பெர்த் காய்ஞ்சு கிடக்கும், அங்க மழை ஜூன் ஜூலைலதான், அதனால கூரை ஒழுகினாலும் உங்க கண்ணுல படாது. மாமாகிட்ட சொல்லி மழை நாள்ல கூரை ஹேட்ச் (கூரைல திறக்கற மூடி), ஜன்னல் ரப்பர், மேல இருக்கற மழைநீர் ஓரம் இதெல்லாம் உள்ளயிருந்து கையால தடவிப் பாக்கச் சொல்லுங்க, கோஸ்டர்ல துரு பிடிக்கற இடமே அதுதான். ஒழுகுதுன்னா மேல சிலிக்கான் அப்பி மூடாதீங்க, அது மேல வேற எதுவும் ஒட்டாது, அடுத்த தடவை சுரண்டி எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும். ஹேட்ச்ச கழட்டி, துருவ எடுத்து, புது சீலன்ட் வச்சு மாட்டணும். இத முடிக்காம உள்ள புது பலகை அடிச்சா அந்தக் காசு ஊறிப்போயிடும், நானே அப்படி ஒரு வேன்ல அனுபவிச்சிருக்கேன், இன்னும் மனசு ஆறல.

அடுத்தது டயரும் பிரேக்கும். வருஷம் முழுக்க நிக்கற வண்டில டயர் பாக்க புதுசாவே இருக்கும், ஆனா பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும்ல, 2314ன்னா 2014ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், அவ்வளவு பழசுன்னா யோசிக்காம மாத்துங்க. பிரேக் ஆயிலும் நின்ன இடத்துலயே ஈரம் இழுக்கும், அதையும் மாத்திடுங்க. டீசல் எஞ்சினா இருந்தா டைமிங் பெல்ட் கடைசியா எப்ப மாத்துனாங்கன்னு கேளுங்க. கேஸ் அடுப்பு, பிரிட்ஜ் வேலைக்கு அங்க லைசென்ஸ் உள்ள கேஸ் ஃபிட்டர்தான் கை வைக்கணும், கூடவே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு மாட்டிடுங்க.

இன்னொண்ணு, ஆஸ்திரேலியால கார் லைசென்ஸ் 4.5 டன் மொத்த எடை வரைக்கும்தான். சில கோஸ்டர் அதுக்கு மேல பதிவாகியிருக்கும், அதனால வண்டி பேப்பரப் பாருங்க. கனமான புது அலமாரி இப்ப வேணாம், அதுக்கு இந்த எடையும் ஒரு காரணம்.

தங்கச்சி ஆசையும் நியாயம்தான். மெத்தை, திரைச்சீலை இந்த வருஷமே புதுசா வாங்கிக் குடுங்க. அலமாரியெல்லாம் ஒரு பயணம் போய்ட்டு வந்து, எது இடிக்குது எது பத்தலன்னு அவங்களே சொல்லட்டும். அதுக்கு முன்னாடி மாமாவ வண்டிக்குள்ள உக்கார வச்சு எந்த ஒயர் எங்க போகுது, எந்த வால்வு எதுக்குன்னு ஃபோன்ல வீடியோ எடுத்துக்கோங்க, அவரு கையால இழுத்த ஒயர், அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.